எந்தச் சரி?

எங்கள் பழைய கம்பெனியின் விமானிகளுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. ஓய்வு பெற்றவர்களாகிய நாங்கள் அதில் காலை வணக்கமும் மூட்டுவலிக்கு வைத்தியமும் அனுப்பிக்கொண்டிருப்போம். போன வாரம், புதிதாக வேலையில் சேர்ந்த ஒரு பெண் விமானி பயிற்சிக் குறிப்பேட்டின் பக்கம் ஒன்றைப் படம் எடுத்துப் போட்டிருந்தார். பக்கம் முழுக்க ஆங்கிலம். நடுவில் ஒரே ஒரு தமிழ்ச் சொல். காக்பிட்டில் ‘சரி’ என்பது பதில் ஆகாது என்று ஒரு வரி. இதை எழுதியது யார், யாராவது விளையாட்டுக்கு எழுதினார்களா என்று கீழே கேட்டிருந்தார்.

விளையாட்டு இல்லை அம்மா. அந்த வரி முளைத்தது என் வாயிலிருந்து. அது முளைத்த நாளில் எனக்குப் பின்னால் அறுபது பேருக்கு மேல் உட்கார்ந்திருந்தார்கள். ஓய்வு பெற்று ஒரு வருடம் ஆகியும் அதைச் சொல்ல ஆரம்பித்தால் உட்கார்ந்த இடத்தில் என் வலது கால் தானாக ஒரு மிதி மிதிக்கிறது. வாட்ஸ்அப்பில் கட்டைவிரலால் எழுதி முடிகிற கதை இல்லை என்பதால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் இந்தச் ‘சரி’யைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். எனக்குச் சொந்த ஊர் விருதுநகர். அத்தா, அதாவது என் அப்பா, மிளகாய் வத்தல் கமிஷன் கடை வைத்திருந்தார். கடையில் டெலிபோன் அடித்துக்கொண்டே இருக்கும். சரக்கு வைத்திருப்பவர் அந்தப் பக்கம் பேசப் பேச, அத்தா இந்தப் பக்கம் “சரி... சரி... சரி” என்று சொல்லிக்கொண்டே இருப்பார். ஒரு அழைப்பில் இருபது சரி வரும். அத்தனையும் ‘கேட்டுக்கொண்டிருக்கிறேன், மேலே சொல்லு’ என்பதுதான். வியாபாரம் முடிந்தது என்பதற்கு அவரிடம் வேறு வார்த்தை உண்டு. “எடுத்துக்கிடுதேன்” என்பார். அது வருகிறவரைக்கும் எத்தனை சரி சொன்னாலும் ஒரு மூட்டைகூட வண்டி ஏறாது. நானும் அந்தச் சரியைச் சாப்பாட்டோடு சேர்த்துச் சாப்பிட்டு வளர்ந்தவன்.

நான் பைலட் ஆன கதை சுருக்கமானது. பள்ளிக்கூடத்தில் கணக்கு வந்தது, கண் நன்றாகத் தெரிந்தது, அத்தாவுக்குப் பிடிவாதம் இருந்தது. பறக்கும் பள்ளியில் இரண்டு வருடம், வேலை கிடைக்காமல் மூன்று வருடம், பிறகு சென்னையிலிருந்து பக்கத்து ஊர்களுக்குச் சின்ன விமானம் விடும் ஒரு கம்பெனியில் கோ-பைலட். இரண்டு பக்கமும் பெரிய விசிறி சுற்றுகிற விமானம் அது. எட்டு வருடம் வலது பக்க இருக்கையிலேயே உட்கார்ந்திருந்தேன். நான் சொல்லும் சம்பவம் நடந்தபோது, இடது இருக்கைக்கு மாறுவதற்கான, அதாவது கேப்டன் ஆவதற்கான, கடைசித் தேர்வுக்கு என் பெயர் போயிருந்தது. தோளில் நாலாவது பட்டை ஏறுவதற்கு இன்னும் ஒரு மாதம்.

கேப்டன் செல்லையா சாத்தூர்க்காரர். எங்கள் கம்பெனியில் அவரோடு பறக்கப் பாதிப் பேர் பயப்படுவார்கள், பாதிப் பேர் ஆசைப்படுவார்கள். நான் இரண்டு பக்கமும் இருந்தேன். அவருடைய அம்மா எம். புதுப்பட்டியில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் மருந்து அடைத்தவர். வெடிக்கான ரசாயனக் கலவையை எங்கள் பக்கம் மருந்து என்றுதான் சொல்வோம். கேப்டன் விமானப்படையில் மெக்கானிக்காகச் சேர்ந்து, லைசென்ஸ் எடுத்து, படிப்படியாக மேலே வந்தவர்.

அவருக்குச் சில பழக்கங்கள் உண்டு. காக்பிட்டுக்குள் நுழையும்போது கதவின் இரும்புச் சட்டத்தில் உள்ளங்கையை ஒரு முறை வைத்து எடுப்பார். சாமி கும்பிடுகிறார் என்று வெகுநாள் நினைத்திருந்தேன். கேட்டபோது சிரித்தார். மருந்து அறைக்குள் போவதற்கு முன்னால் வாசலில் பதித்த செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டுத்தான் போக வேண்டும், உடம்பில் இருக்கும் மின்சாரம் மண்ணுக்குப் போய்விடும், அம்மா சொல்லிச் சொல்லித் தனக்கு அது ஒட்டிக்கொண்டது என்றார். விமானத்தில் அதற்கு ஒரு பிரயோசனமும் இல்லை என்று அவருக்கே தெரியும்.

இரண்டாவது பழக்கம் பிரயோசனமானது. விமானத்தில் எந்த எச்சரிக்கை மணி அடித்தாலும் முதல் இரண்டு வினாடி அவர் எதையும் தொடமாட்டார். விமானத்தை ஆட்டோபைலட் பிடித்திருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு, கைகளை எடுத்துத் தொடை மேல் வைத்துக்கொள்வார்.

“மருந்து சீறுச்சுன்னா மொதல்ல கைய எடுக்கணும். அணைக்கேன்னு கைய நீட்டுனவங்க யாரும் வீடு வந்து சேந்ததில்ல.”

இதைத் தரையில்தான் சொன்னார். பறக்கும்போது, பயணிகளுக்கான அறிவிப்பைத் தவிர, அவரிடமிருந்து ஒரு தமிழ்ச் சொல் வராது. வெளியே காராச்சேவுப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டு ஊர்க் கதை பேசுகிறவர், பெல்ட்டை மாட்டியதும் என்னை ‘மிஸ்டர் ஜாபர்’ என்று கூப்பிட ஆரம்பித்துவிடுவார். காக்பிட்டில் எதற்கு எந்த வார்த்தை என்று புத்தகத்தில் இருக்கிறது. ஒருவர் ஒரு லீவரில் கை வைத்தால் அது எந்தப் பக்கத்து லீவர் என்று உரக்கச் சொல்ல வேண்டும். மற்றவர் தன் கண்ணால் பார்த்து, அதையே முழுதாகத் திருப்பிச் சொல்லி, உறுதி என்று முடிக்க வேண்டும். அதன் பிறகுதான் லீவர் நகரும். நான் ஒரு நாள் ‘ஓகே’ என்று சொன்னதற்குத் தரையிறங்கியபின் பத்து நிமிஷம் நிற்க வைத்துப் பேசியிருக்கிறார்.

அன்று திருவனந்தபுரத்திலிருந்து சென்னைக்கு. வெயில் நன்றாக ஏறிய காலை. புறப்படுவதற்கு முன்னால் விமானத்தின் பழுதுப் புத்தகத்தைப் படித்தோம். போன வாரம் வலது இன்ஜினில் எண்ணெய் கசிந்ததற்கு வேலை பார்த்து, சரியாகிவிட்டது என்று எழுதியிருந்தார்கள். கேப்டன் அந்தப் பக்கத்தை இரண்டு முறை படித்தார். வலது பக்கத்தின் மேல் ஒரு கண் இருக்கட்டும் என்று ஆங்கிலத்தில் சொன்னார். அந்த நாளின் தப்புக்கு விதை அங்கேயே விழுந்துவிட்டது. அப்போது எனக்குத் தெரியவில்லை.

மலையைத் தாண்டியாயிற்று. ராஜபாளையம் பின்னால் போய்க்கொண்டிருந்தது. பதினைந்தாயிரம் அடிக்கு மேல் இருந்தோம். அந்த வழியில் போகும்போதெல்லாம் நான் கீழே பார்ப்பேன். கரிசல் காட்டில் தள்ளித் தள்ளிக் கட்டிய வெள்ளை அறைகள், ஒன்று வெடித்தால் பக்கத்து அறைக்குப் பரவாத இடைவெளியில், புள்ளி வைத்த மாதிரி தெரியும். சிவகாசி வந்துவிட்டது என்று அர்த்தம். அது தீபாவளிக்கு முந்தின சீசன். அத்தனை அறையிலும் ஆள் இருக்கும்.

அப்போதுதான் ஒரு அடி விழுந்தது. யாரோ தரைக்கு அடியிலிருந்து உலக்கையால் இடித்த மாதிரி ஒரே ஒரு இடி. தொடர்ந்து விமானம் முழுக்க நடுங்கியது. என் மடியிலிருந்த பேனா உருண்டு கீழே போயிற்று. எச்சரிக்கை மணி அடித்தது. மூக்கு ஒரு பக்கம் இழுத்தது, திரும்பியது, மறுபடி இழுத்தது.

கேப்டனின் கைகள் தொடைக்குப் போயின. ஒன்று, இரண்டு என்று நானும் மனசுக்குள் எண்ணினேன். பிறகு அவர் விமானத்தைக் கையில் எடுத்துக்கொண்டார். என் வேலை கருவிகளைப் பார்ப்பது. நடுவில் இரண்டு வரிசை முள்கள், இடது இன்ஜினுக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று. நடுக்கத்தில் எல்லா முள்ளும் மங்கலாக ஆடின. எது நிஜமாக ஆடுகிறது, எது விமானம் ஆடுவதால் ஆடுகிறது என்று ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கையை எடுத்தவர் மனசை எடுக்கவில்லை. பழுதுப் புத்தகத்தில் படித்த வலது இன்ஜின் மேலேயே அது உட்கார்ந்திருந்தது. கேப்டன் செல்லையா பறந்துகொண்டிருக்கும்போது என்னிடம் தமிழ் பேசி நான் கேட்ட முதல் தடவை அதுதான்.

“ஏலே, வலதுதான?”

“சரி...” என்றேன்.

என் அத்தாவின் சரி அது. கேட்டது, பார்த்துக்கொண்டிருக்கிறேன், இருங்கள் என்று அர்த்தம். கேப்டனுக்கு அது ‘ஆமாம், வலதுதான்’ என்று கேட்டது. அவரும் சாத்தூர்க்காரர்தானே, அவர் வீட்டிலும் அதே சரிதானே என்று நீங்கள் கேட்கலாம். பதற்றத்தில் இருக்கிறவன் தனக்கு வேண்டிய சரியைத்தான் எடுத்துக்கொள்கிறான்.

வலது லீவரைப் பின்னுக்கு இழுத்தார். வலது பக்கத்துச் சத்தம் அடங்கியது. நடுக்கம் மட்டும் அப்படியே இருந்தது. வேகமானி முள் இறங்க ஆரம்பித்தது. அவர் கை அந்த லீவரை விட்டு, பக்கத்தில் இருந்த இன்னொரு லீவருக்கு நகர்ந்தது. அது எரிபொருளை நிறுத்துவது. அதை இழுத்தால் வலது இன்ஜின் முழுசாக நின்றுவிடும்.

அந்த நொடியில் என் கண் இடது வரிசையில் நின்றது. இடது இன்ஜினின் திறன் காட்டும் முள் விழுந்து எழுந்து விழுந்துகொண்டிருந்தது. அதன் எண்ணெய் அழுத்தம் கீழே கிடந்தது. வலது வரிசை, லீவரை இழுத்ததற்கு எப்படி இறங்க வேண்டுமோ அப்படி ஒழுங்காக இறங்கி நின்றது. நல்ல மாட்டை அவிழ்த்துவிட்டுச் செத்துக்கொண்டிருக்கும் மாட்டில் வண்டி ஓட்டுகிறோம் என்று புரிந்தது.

“சரி இல்ல சார். லெஃப்ட். லெஃப்ட் இன்ஜின். கைய எடுங்க.”

சுட்டது போல அவர் கை திரும்பித் தொடைக்கு வந்தது. மறுபடி இரண்டு வினாடி. என் வாழ்க்கையில் அவ்வளவு நீளமான இரண்டு வினாடியை நான் பார்த்ததில்லை. இரண்டு வரிசையையும் அவரே மேலிருந்து கீழாகப் பார்த்தார். வலது லீவரை மெல்ல முன்னால் தள்ளினார். வலது இன்ஜின் உயிரோடுதான் இருந்தது. முனகி, எழுந்து, பழைய குரலுக்கு வந்தது. அந்தச் சத்தத்தைப் போல இனிமையான ஒன்றை அதற்குப் பிறகு நான் கேட்டதில்லை. என் மகள் பிறந்தபோது அழுத சத்தத்தைத் தவிர.

“மிஸ்டர் ஜாபர்,” என்றார், “இங்கிலீஷ்.”

அதற்குப் பிறகு எல்லாம் புத்தகப்படி. இடது பவர் லீவர் என்று நான் கை வைத்தேன். அவர் என் விரலைப் பார்த்தார், லீவரைப் பார்த்தார், முள்ளைப் பார்த்தார். இடது பவர் லீவர், உறுதி என்று முழுதாகச் சொன்னார். இழுத்தேன். நடுக்கம் பாதியாகக் குறைந்தது. அடுத்து இடது விசிறியின் இலைகளைக் காற்றுக்கு விளிம்பு காட்டும்படி திருப்பும் லீவர். அதற்கும் அதே மாதிரி. விசிறி சுற்றுவது தளர்ந்து, இலைகள் தனித்தனியாகக் கண்ணுக்குத் தெரிந்து, நின்றது. பறந்துகொண்டிருக்கும்போது விசிறி நிற்பதைப் பார்ப்பது ஒரு அனுபவம். அதற்கும் அடுத்து எரிபொருள். ஒவ்வொரு படிக்கும் நடுவில் எங்களுக்கு ஏகப்பட்ட நேரம் இருந்தது போல அவர் நடந்துகொண்டார். உண்மையிலேயே நேரம் இருந்தது. ஒரு நிமிஷத்துக்கு முன்னாலும் இருந்திருக்கிறது, எங்களுக்குத்தான் தெரியவில்லை.

மதுரைக்குத் திருப்பினோம். கட்டுப்பாட்டு அறைக்கும் விமானப் பணிப்பெண்ணுக்கும் சொல்லிவிட்டேன். ஒரு இன்ஜினை நாங்களே நிறுத்தி வைத்திருக்கிறோம், இன்னொன்று நன்றாக இருக்கிறது, மதுரையில் இறங்குகிறோம் என்று கேப்டன் பயணிகளுக்குத் தமிழிலும் ஆங்கிலத்திலும் அறிவித்தார். அவர் குரலில் பஸ் ஸ்டாண்டில் அடுத்த வண்டி எப்போது என்று சொல்கிறவரின் சலிப்புகூட இருந்தது. அவருடைய வலது கால் மட்டும் நடுங்கிக்கொண்டிருந்தது. வலது இன்ஜின் மட்டும் இழுப்பதால் மூக்கு இடது பக்கம் ஓடப் பார்க்கும். அதை நேராக வைக்க வலது பெடலை விடாமல் மிதித்திருக்க வேண்டும். அதைப் பார்த்துப் பார்த்து என் வலது காலும் தரையை மிதித்தது.

வைகை ஆறு வறண்டு தெரிந்தது. ஓடுபாதை தெரிந்தது. இரண்டு பக்கமும் தீயணைப்பு வண்டிகள் நிற்பது தெரிந்தது. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது, பயத்தில் இல்லை. நாங்கள் செய்துகொண்டிருந்த வேலை அவ்வளவு சுத்தமாக நடந்தது. நான் வேகத்தைச் சொல்லச் சொல்ல அவர் பிடித்தார். கொஞ்சம் கனமாகவே தரையில் உட்கார்ந்தார். விமானம் நேராக ஓடி நின்றது. பின்னாலிருந்து கைதட்டல் கேட்டது.

பயணிகள் இறங்கும்போது கேப்டன் வாசலில் நின்று ஒவ்வொருவருக்கும் கை கொடுத்தார். காலண்டர் மாதிரிகளைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்திருந்த சிவகாசிக்காரர் ஒருவர் அவர் கையை விடவே இல்லை. “திருவனந்தபுரத்துல முடிச்சிட்டு சென்னைல ஆர்டர் புடிக்கப் போனேன் சார். எம்புட்டுப் பெரிய ஆர்டரா இருந்தாலும் இன்னைக்கு வேண்டாம். இங்கனருந்து வீடு பக்கம்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் காக்பிட்டில் தனியாக இருந்தேன். என் இருக்கைக்குப் பின்னால் வரிசையாகச் சின்ன மின்பொத்தான்கள். அவற்றில் ஒன்று, நாங்கள் பேசுவதையெல்லாம் பதிவு செய்யும் ரெக்கார்டருக்கு உரியது. அந்தப் பழைய ரெக்கார்டர் கடைசி அரை மணி நேரத்தை மட்டும்தான் வைத்திருக்கும், அதற்கு முந்தியதை அழித்துக்கொண்டே போகும். இப்படி ஏதாவது நடந்தால் இறங்கியதும் அந்தப் பொத்தானை வெளியே இழுத்துவிட வேண்டும். மின்சாரம் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. நான் ‘சரி’ சொல்லி இருபது நிமிஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. இன்னும் ஏழெட்டு நிமிஷம் அந்தப் பொத்தானை மறந்துவிட்டால் போதும். அந்தச் சொல் இந்த உலகத்தில் இருக்காது. இடது இன்ஜின் பழுதானது, நிறுத்தினோம், இறங்கினோம், கைதட்டினார்கள். அடுத்த மாதம் நாலாவது பட்டை.

நான் நல்லவன் என்று காட்டிக்கொள்ள இதை எழுதவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு அந்தப் பொத்தானைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன்.

கேப்டன் தலையை உள்ளே நீட்டினார். கடைசிப் பயணி இறங்கியிருந்தார், இனி தமிழ் பேசலாம்.

“ரெக்கார்டர் பொத்தான இழுத்துரு ஜாபரு.”

“சரி” என்றேன்.

அவர் திரும்பிப் போக ஓரடி வைத்தவர் நின்றார். கதவுச் சட்டத்தில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

“எந்தச் சரி?”

எனக்கு முகம் சுட்டது. அந்தப் பதிவு இருந்தால் என்னைவிட அவருக்குத்தான் நஷ்டம் அதிகம். தப்பான லீவரை இழுத்தது அவர் கை. மற்ற கேப்டன்களுக்குத் தேர்வு வைக்கும் பொறுப்பில் இருந்தவர் அவர். அது தெரிந்துதான் நின்றுகொண்டிருந்தார். நான் திரும்பிப் பொத்தானை இழுத்தேன்.

“ரெக்கார்டர் பொத்தான், இழுத்தாச்சு. உறுதி” என்றேன்.

விசாரணைக்கு வந்த அதிகாரி வடக்கே இருந்து வந்தவர். பொறுமையானவர், ஆனால் பதிவைக் கேட்டதும் குழம்பிப்போனார். ஆமாம் என்று சொல்லிவிட்டு, சில வினாடிகளில் இல்லை என்று எப்படிச் சொன்னாய் என்று கேட்டார். நான் ஆமாம் என்று சொல்லவே இல்லை என்றேன். மொழிபெயர்ப்பில் ஆமாம் என்றுதான் இருக்கிறது என்று காகிதத்தைக் காட்டினார். அத்தாவின் கடைச் சரிகளையும் கடைசியில் வரும் ‘எடுத்துக்கிடுதேன்’ என்பதையும் சொல்லி நான் விளக்க விளக்கப் பொய் சொல்கிறவன் மாதிரியே எனக்கே தோன்றியது.

பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த கேப்டன் எழுந்தார். அனுமதி கேட்டுக்கொண்டு மேசை மேல் இருந்த டெலிபோனை எடுத்து, என்னிடம் கேட்டு, எங்கள் கடை நம்பரை அழுத்தி, எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டார். தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டு ஆரம்பித்தார்.

“பாய், ஒங்க மகன் இந்த வேலைய விட்டுட்டுக் கடைக்கே வந்துருதேங்கான்.”

“சரி” என்றார் அத்தா.

“வந்து, வத்தல் யாவாரத்த நிப்பாட்டிட்டு மீன் கடை போடணுங்கான்.”

“சரி.”

“விருதுநகர் ஜங்ஷன் வரைக்கும் கடல் வரப்போவுதாம், மீன் அங்கனயே கிடைச்சிருமாம்.”

“சரி, சரி.”

நான் ஒவ்வொன்றையும் அதிகாரிக்கு ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் காகிதத்தில் ஒவ்வொரு சரிக்கும் ஒரு கோடு போட்டுக்கொண்டு வந்தார்.

“அப்ப எல்லாத்துக்கும் சம்மதந்தான பாய்?”

“எதுக்குங்க சம்மதம்?” அத்தாவின் குரல் மாறியது. “நா எப்ப சம்மதமுன்னு சொன்னேன்? பெரிய மனுசன் பேசுதீகளேன்னு கேட்டுக்கிட்டுல்ல இருக்கேன்.”

அதிகாரி பேனாவை மேசையில் வைத்துவிட்டுச் சிரித்தார். சிரித்து முடித்து, போட்ட கோடுகளை எண்ணி, குறிப்பில் எழுதிக்கொண்டார். அதற்குள் அத்தாவுக்கு வேறு ஏதோ தட்டுப்பட்டிருக்கிறது.

“அவன் நல்லாருக்கான்ல? அத மட்டும் சொல்லுங்க.”

“நல்லாருக்கான் பாய். ஒங்க மகனாலதான் நானும் நல்லாருக்கேன்.”

“சரி” என்று சொல்லிப் போனை வைத்தார் அத்தா. அந்த ஒரு சரியை மட்டும் நான் மொழிபெயர்க்கவில்லை.

தப்பு தப்புதான். கேப்டனின் தேர்வுப் பொறுப்பை மூன்று மாதம் பிடுங்கினார்கள். இருவரும் பயிற்சி இயந்திரத்தில் மறுபடி உட்கார வேண்டியிருந்தது. என் பெயர் கேப்டன் பட்டியலிலிருந்து எடுக்கப்பட்டு அடுத்த வருடத்துக்குப் போயிற்று. பயிற்சிக் குறிப்பேட்டில் அந்த ஒரு வரி ஏறியது. வீட்டில் கொஞ்ச நாள் நான் எதற்கும் சரி சொல்லாமல், சொன்னதைத் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தேன். வாங்க வேண்டிய சாமான்களை நான் ஒப்பித்துக் கடைசியில் உறுதி என்பதைக் கேட்டு என் மனைவி கையெடுத்துக் கும்பிட்டார்.

அடுத்த வருடம் என் கடைசித் தேர்வு வந்தது. சென்னையிலிருந்து மதுரைக்கு. இடது இருக்கையில் நான். வலது இருக்கையில், தேர்வு வைக்க, ஓய்வு பெற இரண்டு மாதம் இருந்த கேப்டன் செல்லையா. போகும் வழி முழுக்க ஒரு தமிழ்ச் சொல் இல்லை. அதே ஓடுபாதையில் இறக்கி, நிறுத்தி, இரண்டு இன்ஜினையும் அணைத்து, பட்டியலைக் கடைசி வரி வரைக்கும் படித்து முடித்தேன். அவர் பெல்ட்டைக் கழற்றினார். தேர்வுத் தாளை மடி மேல் வைத்து வரி வரியாக ஒரு முறை பார்த்தார்.

“சரி” என்றார்.

என்னால் கேட்காமல் விட முடியவில்லை.

“எந்தச் சரி சார்?”

பேனாவைத் திறந்து, தாளின் அடியில் கையெழுத்துப் போட்டு, என் பக்கம் நீட்டினார்.

“எடுத்துக்கிடுதேன்” என்றார்.